பார்க்கின்சன் நோய்: அடுக்களை வாசலில் அப்பாவுக்குக் கால் எழும்புவதில்லை, கரையில் நன்றாக நடக்கிறார். வீட்டிலேயே நடைப்பயிற்சி கொடுப்பது எப்படி?

கேள்வி: பாம்பன் மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாம்பனில் கடற்கரையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 68. இளவயது முதல் நாட்டுப்படகிலும் கரைவலையிலும் உழைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பு வலது கையில் நடுக்கம் தொடங்கியது. மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது பார்க்கின்சன் நோய் என்று உறுதிப்படுத்தினார். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை அப்பா வேளை தவறாமல் எடுத்துக்கொள்கிறார். நடுக்கம் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. எங்களை இப்போது வாட்டுவது அவருடைய நடைதான்.

கூடத்திலிருந்து அடுக்களை வாசல் வரை சிறுசிறு அடிகளாக வந்துவிடுவார். வாசலில் படி என்று எதுவும் இல்லை, சிவப்புச் சிமெண்டுப் பூச்சுப் போட்ட சமதரைதான். ஆனாலும் இரண்டு நிலைக்கால்களுக்கு நடுவே வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. குதிகால்கள் மேலே எழும்புகின்றன, விரல்கள் மட்டும் தரையை விட்டு வருவதில்லை. முழங்கால்கள் படபடவென்று நடுங்க, உடம்பு மட்டும் முன்னே சாய்கிறது. அந்த நேரத்தில் யாராவது "வாங்கப்பா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாலோ, கைப்பேசி ஒலித்தாலோ நிலைமை இன்னும் மோசமாகிறது. அண்மையில் இப்படித்தான் முன்பக்கமாக விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

எனக்கு விளங்காத செய்தி ஒன்று உண்டு. மாலையில் அவரைக் கரைக்கு அழைத்துச் சென்றால், மணலில் குறுக்கே கிடக்கும் நங்கூரக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, அகலமாக அடி எடுத்து வைத்து நடக்கிறார். பக்கத்து வீட்டு மாடிப்படியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரமமில்லாமல் ஏறுகிறார். இதைப் பார்த்துவிட்டு உறவினர் சிலர், "மனம் வைத்தால் நடக்கிறார், வீட்டுக்குள் வந்ததும் பிடிவாதம் பிடிக்கிறார்" என்று அவர் காதுபடவே பேசுகிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அவர் நடிக்கிறார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, ஆனால் அவர்களுக்குச் சொல்லும்படியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்காக வாரந்தோறும் மதுரைக்கு அழைத்துச் செல்வது எங்களால் இயலாது. வீட்டிலேயே செய்யக்கூடிய நடைப்பயிற்சி என்ன, கடற்கரை மணலில் நடக்கவிடுவது நல்லதா, மீண்டும் படகில் போக வேண்டும் என்று அவர் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்பவற்றை அனுபவமும் பயிற்சியும் உள்ளவர்கள் தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: இயன்முறை மருத்துவர், இராமநாதபுரம்

வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் உள்ளவர்கள் நோயாளியை நம்பாதவரை எந்தப் பயிற்சியும் நிலைக்காது. உங்கள் அப்பா நடிக்கவில்லை. சமதரையில் நின்றுவிடுபவர் குறுக்கே கிடக்கும் கயிற்றைத் தாண்டி நடப்பதும், வாசலைக் கடக்க இயலாதவர் மாடிப்படி ஏறுவதும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாகவே நெடுங்காலமாக அறியப்பட்டவை. 1967இல் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் மருத்துவர், தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் இந்நோயாளிகள் அவற்றின்மேல் அடியெடுத்து வைத்து நடந்துவிடுவதைப் பதிவு செய்தார். சில அடிகள்கூட நடக்க முடியாமல் விழுந்துவிடும் ஒருவர் மிதிவண்டியில் ஏறியதும் தடையின்றி ஓட்டிச் செல்வதை, 2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் காணொளியாகவே வெளியிட்டார்கள். அந்த மனிதரும் நடிக்கவில்லை.

காரணம் இதுதான். நாம் நடக்கும்போது அடுத்த காலை எப்போது எடுப்பது, எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று யோசிப்பதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பணுக் குழுக்கள் அந்த வேலையைத் தாமாகவே நடத்துகின்றன. அதற்கு டோபமின் என்னும் வேதிப்பொருள் தேவை. பார்க்கின்சன் நோயில் டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே வருவதால், தானாக நடக்கும் நடை முதலில் சிறுத்து, பிறகு இடையிடையே நின்றுபோகிறது. குறுகலான இடம், திரும்பும் இடம், அவசரம், ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஆகியவை அந்தத் தடையைத் தூண்டிவிடுகின்றன. குறுக்கே ஒரு கயிறு கிடக்கும்போது, "இதைத் தாண்ட வேண்டும்" என்ற இலக்கைக் கண் கொடுக்கிறது. அப்போது நடை தானியங்கும் பாதையை விட்டு விலகி, கவனத்தாலும் பார்வையாலும் இயங்கும் வேறொரு பாதையில் நடக்கிறது. அந்தப் பாதை பெரும்பாலும் சேதமடையாமல் இருக்கிறது. பொறி நின்றுபோன படகைத் துடுப்புப் போட்டுக் கரைசேர்ப்பது போன்றது இது: படகு வந்து சேரும், ஆனால் ஒவ்வொரு போடுதலுக்கும் உழைப்பு வேண்டும், களைப்பும் வரும். ஆகவே இந்த நோயாளிகளுக்கு நாங்கள் கொடுக்கும் நடைப்பயிற்சியின் நோக்கம் கால்களுக்கு வலுவேற்றுவது மட்டுமன்று. கவனத்தோடு நடக்கும் நடையை, அதற்கான தூண்டுகோல்களோடு (கோடு, தாளம் போன்றவை) சேர்த்துப் பழக்குவதே முதன்மையான வேலை.

கரையில் கயிறு செய்யும் வேலையை வீட்டில் கோடு செய்யட்டும். உங்கள் தரை சிவப்பு என்பதால் வெள்ளை நிற ஒட்டுநாடா பளிச்சென்று தெரியும். உடனே ஒட்டிவிட வேண்டாம். முதலில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு இடைவெளியைச் சோதித்துப் பாருங்கள். கோலமாவில் போட வேண்டாம், வழுவழுப்பான தரையில் அது வழுக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் அப்பா இயல்பாக வைக்கும் அடியின் நீளத்தை அளந்து, அதைவிடச் சற்றே கூடுதலாக இடைவெளி விடுங்கள். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றரை அடியை ஒட்டி அமைகிறது, ஆனால் உயரத்துக்கும் நோயின் நிலைக்கும் ஏற்ப மாறும். கோடுகள் வாசலுக்கு நேராக மட்டும் இருந்தால் போதாது. வாசலுக்கு மூன்று நான்கு அடிக்கு முன்பே தொடங்கி, வாசலைக் கடந்து உள்ளேயும் அதே அளவுக்குத் தொடர வேண்டும். இல்லையென்றால் வாசலைத் தாண்டியதும் கோடு முடியும் இடத்தில் நின்றுவிடுவார். கோட்டை மிதிக்கச் சொல்லாதீர்கள், தாண்டச் சொல்லுங்கள், குதிகால் முதலில் தரையில் படட்டும். வாசலில் கால்மிதி கிடந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கோடு இல்லாத இடத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் தனியாகப் பழக்க வேண்டும். கால் ஒட்டியதும் முன்னோக்கி முயல்வதுதான் விழுவதற்கு முதல் காரணம், ஏனெனில் உடம்பு நகர்கிறது, பாதம் நகர்வதில்லை. எனவே முதலில் முயற்சியையே நிறுத்தச் சொல்லுங்கள். குதிகால்கள் இரண்டையும் தரையில் பதித்து, நிமிர்ந்து, ஒருமுறை மூச்சை வெளியே விடட்டும். பிறகு உடம்பின் எடையை வலப்பக்கமும் இடப்பக்கமுமாக மெல்ல மாற்றட்டும். எடை முழுவதும் ஒரு காலுக்குப் போனால்தான் மற்றக் கால் எழும்பும். எடை மாறியதும், விடுபட்ட காலால் ஒரே ஒரு பெரிய அடி. படகின் ஆட்டத்தில் கால் மாற்றி நின்று பழகியவருக்கு இந்த எடைமாற்றத்தைச் சொல்லிக் கொடுப்பது கடினமாக இராது என்று நம்புகிறேன்.

உதவி செய்பவர் எதிரே நின்று இழுக்கவே கூடாது. பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், அதுவும் "நில்லுங்கள்", "எடையை மாற்றுங்கள்", "பெரிய அடி" என்ற அளவில் போதும். அப்படியும் கால் எழும்பாவிட்டால், உங்கள் பாதத்தை அவருடைய பாதத்துக்கு முன்னே குறுக்காக வைத்து, அதைத் தாண்டச் சொல்லிப் பாருங்கள். அவர் காலை எடுத்ததும் உங்கள் காலை விலக்கிக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்குத் தனிக் கவனம் வேண்டும். நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டென்று திரும்பும்போதுதான் கால்கள் பின்னிக்கொள்கின்றன. இடம் இருந்தால் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும். கழிப்பறை போன்ற குறுகிய இடத்தில் பாதங்களைத் தனித்தனியாகத் தூக்கி வைத்து, நாலைந்து அடிகளில் திரும்பட்டும். 

பயிற்சியை மாத்திரை போட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு இலகுவாக இருக்கும் வேளையில் வையுங்கள். அரை மணி நேரம் போதும், நடுவே உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும். ஆனால் விட்டுவிடக் கூடாது. ஐரோப்பாவில் 153 நோயாளிகளை வைத்து அவரவர் வீட்டிலேயே மூன்று வாரம் தூண்டுகோல் பயிற்சி கொடுத்து, 2007இல் வெளியிட்ட ஆய்வில், நடையின் வேகமும் அடியின் நீளமும் ஓரளவு கூடின, உறையும் தன்மை (இப்படிக் கால் ஒட்டி நின்றுவிடுவது) உள்ளவர்களுக்கு அதன் கடுமை சற்றுக் குறைந்தது. பயிற்சி நின்ற ஆறு வாரத்தில் அந்தப் பலன் பெரிதும் தேய்ந்துவிட்டது. இதை மனம் தளரச் சொல்லவில்லை. மருந்தைப் போலவே பயிற்சியும் தொடர்ந்தால்தான் பலன் தரும் என்பதை வீட்டில் அனைவரும் உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் 2: கீழக்கரையிலிருந்து ஒரு மகன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என் உம்மாவுக்கு இதே நோய் இருக்கிறது. மேலே மருத்துவர் சொன்னவற்றோடு, வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எங்களுடைய பழைய வீட்டின் முன்தாழ்வாரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை இருக்கிறது. அதில் உம்மா தடையில்லாமல் நடப்பார். புதிதாகக் கட்டிய பின்பகுதியில் ஒரே நிறத்தில் பளபளப்பான ஓடு பதித்திருக்கிறோம், அங்கேதான் நின்றுவிடுவார். காரணம் புரியாமல் இருந்த எங்களுக்கு, கட்டங்களே அவருக்கு அடி அளந்து கொடுக்கின்றன என்று இயன்முறை மருத்துவர்தான் விளக்கினார். அதன்பிறகு பின்பகுதியிலும் நாடா ஒட்டினோம். வெறுமே நடப்பதைவிட, "ஐந்தாவது கோட்டுக்குப் போங்கள் உம்மா" என்று இலக்குச் சொன்னால் நடை இன்னும் தெளிவாக இருக்கிறது.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதை வீட்டுக்கு வரும் விருந்தினர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். சலாம் சொல்லிக்கொண்டே வருபவருக்குப் பதில் சொல்ல முயலும்போதுதான் உம்மாவின் கால் தடுமாறும். நின்று பேசிவிட்டு, பேச்சு முடிந்ததும் நடக்கத் தொடங்குவார். கையில் தண்ணீர்ச் செம்போ தட்டோ கொடுப்பதில்லை.

தொழுகைக்காக விரிப்பை நோக்கித் திரும்பும் இடத்தில் அடிக்கடி நின்றுவிடுவார் என்பதால், நாற்காலியைக் கிப்லாவை (தொழும் திசையை) நோக்கிப் போட்டு, நேராக நடந்து வந்து ஒரே ஒரு அகன்ற வளைவில் திரும்பி அமரும்படி அறையை மாற்றி அமைத்தோம். இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கத்தில் இடம் இருக்கிறது. அதைப் பெரியவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே உம்மாவின் மனம் சமாதானமடைந்தது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாளில் பலமுறை நடக்கும் பாதை எது, எங்கே திரும்புகிறார் என்று கவனித்து, அந்தப் பாதையை அகலப்படுத்திவிட்டாலே பாதிப் பாரம் குறையும்.

நடைதாங்கி வாங்குவதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய சக்கரமில்லாத நான்கு கால் தாங்கியை உம்மா தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் நடை அறுந்துபோயிற்று. சக்கரமும் கைத்தடையும் உள்ளதை, மருத்துவர் முன்னிலையில் பழகிய பிறகே பயன்படுத்தத் தொடங்கினார். காலில் ரப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலைச் சேர்த்துக் கட்டும் பட்டை உள்ள செருப்பைப் போடுங்கள். உங்கள் அப்பா சாரம் (லுங்கி) கட்டுபவர் என்றால் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி கட்டிவிடுங்கள். பெரிய அடி வைக்கும்போது அது காலைத் தடுக்கும்.

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலியர், தொண்டி

நடையைப் பற்றி மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். விழுவதற்கு நடை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன், மகளே.

இந்த நோயிலும் இதற்கான மருந்தாலும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கிவிடுவது உண்டு. நம் கரையோர வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் அது இன்னும் கூடும். படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒருமுறையும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.

தலைச்சுற்றல் என்று சொன்னதும் மருந்துக்கடையில் சின்னரிசின் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அந்த மருந்தும், அதே வகையைச் சேர்ந்த ஃபுளுனரிசினும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் டோபமினின் வேலையைத் தடுத்து நடையை மோசமாக்கும். எந்தப் புதிய மாத்திரைக்கும் முன்பு, பார்க்கின்சன் நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டே வாங்குங்கள்.

மீன் இல்லாமல் நம் பக்கத்தில் சோறு இறங்காது. மீனை நிறுத்த வேண்டாம், உடம்புக்கு அந்தப் புரதம் தேவை. ஆனால் புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாயில் வழியாகப் போட்டியிட்டு நுழைபவை. ஆகவே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ எடுத்துக்கொள்ளட்டும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மதுரைக்குப் போக இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கடலைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அவர் படகில் போகக் கூடாது, இடுப்பளவுத் தண்ணீரிலும் தனியாக இறங்கக் கூடாது. காலமெல்லாம் நீந்தியவர்களும் இந்த நோயில் கைகால்களை ஒருங்கிணைத்து நீந்த முடியாமல் போவது உண்டு. பெண் கடல் (பாக் நீரிணை) பக்கம் அலையில்லாமல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். இதை அவரிடம் தடையாகச் சொல்லாமல், கரையில் வலை பழுதுபார்ப்பது, மீனைத் தரம் பிரிப்பது போன்ற வேலைகளில் அவருடைய கைத்தேர்ச்சிக்கு இடம் கொடுத்துச் சொல்லுங்கள். தொழிலை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டால் மனிதர் நடக்கவே விரும்பமாட்டார்.

பாம்பன் மகள்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் எழுதிய காரணத்தை உறவினர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும், "கால் கேட்கமாட்டேன்கிறதுன்னு நான் சொன்னா யாரு நம்புனீங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் பதில் பேசவில்லை.

சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம். அடுக்களை வாசலை நிற்காமல் கடந்தார். ஆனால் திரும்பி வரும்போது, கோடுகள் இருந்தும், நடுவில் ஒருமுறை நின்றார். இது ஏன் என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அப்பாவுக்கு நிறையத் தெரியும். அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தால் நடை சீராக இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது, பயிற்சிக்கு அதைப் பயன்படுத்தலாமா? அடுத்ததாக, அண்ணன் விசைப்படகில் போகிறவர். அவர் கரையில் இல்லாத நாட்களில் அப்பாவோடு நானும் அம்மாவும் மட்டுமே இருக்கிறோம். அவர் விழுந்தால் தூக்கும் வலு எங்களுக்கு இல்லை.

பதில் 4: இயன்முறை மருத்துவர், இராமநாதபுரம்

திரும்பி வரும்போது நின்றதற்கு இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம். அடுக்களைக்குள் அவர் திரும்பிய இடத்திலேயே அடி சிறுத்துப்போய், அந்தச் சிறிய அடியோடு கோடுகளுக்குள் நுழைந்திருப்பார். அல்லது களைத்திருப்பார், கவனத்தால் நடப்பவருக்குக் களைப்பு விரைவில் வரும். திரும்பியதும் ஒரு கணம் நின்று, எடையை மாற்றி, பெரிய அடியோடு புதிதாகத் தொடங்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் நின்றால் அன்றைய பயிற்சியின் நீளத்தைக் குறையுங்கள்.

அம்பாப் பாட்டை நீங்களே கண்டுபிடித்துக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கிறது. தாளத்துக்கு அடியெடுத்து வைப்பது இந்த நோய்க்கான நடைப்பயிற்சியில் நன்கு சோதிக்கப்பட்ட முறை. வெளியிலிருந்து வரும் சீரான ஒலி, உள்ளே அறுந்துபோன கால அளவைத் தற்காலிகமாக ஈடுசெய்கிறது. வழக்கமாக நாங்கள் கைப்பேசியில் தாளமானிச் செயலியை வைத்துப் பழக்குவோம். வாழ்நாளெல்லாம் உடம்போடு சேர்ந்து பாடிய பாட்டு அதைவிட இணக்கமாக அமையும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வலை இழுக்கும் பாட்டின் தாளம் நீண்டது, கால் ஊன்றி இழுத்து நிறுத்துவதற்கான தாளம் அது. நடைக்கு அது மெதுவாக இருந்தால், ஒரு தாளத்துக்கு இரண்டு அடி என்று வைத்துப் பழக்குங்கள்.

வேகத்தைக் கண்மூடித்தனமாக நிர்ணயிக்காதீர்கள். முதலில் அவர் நல்ல நேரத்தில் ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். உறைந்து நிற்கும் தன்மை இல்லாதவர்களுக்கு அந்த எண்ணிக்கையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட்டித் தாளம் வைப்பது உண்டு. உங்கள் அப்பாவைப் போல் நின்றுவிடுகிறவர்களுக்கு வேகத்தைக் கூட்டினால் அடி குறுகி, முன்னோக்கி ஓடத் தொடங்கி, விழுந்துவிடுவார்கள். 1817இல் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே, நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறிவிடுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே அவருடைய இயல்பான எண்ணிக்கையிலோ, அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவோ தொடங்குங்கள். அம்மாவோ நீங்களோ பாடுங்கள், அவர் கேட்டு நடக்கட்டும். அவரே உரக்கப் பாடினால் கவனம் இரண்டாகப் பிரிய வாய்ப்பு உண்டு, பழகிய பிறகு அவர் மனத்துக்குள் பாடிக்கொள்ளலாம்.

கரையில் நடப்பதை நிறுத்த வேண்டாம். காய்ந்த பொதிமணலில் கால் புதைந்து நிலை குலையும், எனவே அலை நனைத்து இறுகிய மணலில், சரிவு அதிகம் இல்லாத இடமாகப் பார்த்து, பக்கத்தில் ஒருவர் துணையோடு நடக்கட்டும். வெயில் தணிந்த பிறகு தொடங்கி, இருட்டுவதற்கு முன்பு முடித்துவிடுங்கள். இந்த நடைக்குக் கண்தான் துணை என்பதால் இருட்டு அவருக்குப் பெரிய எதிரி. அதே காரணத்தால் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும், அந்தப் பாதையிலும் கோடு போடுங்கள்.

அண்ணன் கடலுக்குப் போகாத காலம் ஒன்று நமக்கு நிச்சயமாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். புதிதாகப் பழக்க வேண்டியவற்றை, குறிப்பாக விழுந்தால் தரையிலிருந்து எழும் முறையை, அந்தக் காலத்தில் அண்ணன் உடனிருக்க, இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் பழக்கிவிடுங்கள். விழுந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க முயல வேண்டாம், அவருக்குத் தோள் பிசகும், உங்களுக்கு முதுகு போகும். வலியோ காயமோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு பக்கமாகப் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, அருகில் நகர்த்தி வைத்த உறுதியான நாற்காலியின் இருக்கையைப் பிடித்து, ஒரு காலை முன்னே ஊன்றி அவரே எழ வேண்டும். நீங்கள் இடுப்பருகே துணை நின்றால் போதும். தலையில் அடிபட்டாலோ, இடுப்பில் வலி இருந்தாலோ எழுப்பாமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மதுரைக்குச் செல்வதற்கு முன், அவர் நின்றுவிடும் நேரங்களை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். மாத்திரை போட்ட நேரம் ஒரு பக்கம், கால் நின்ற நேரம் மறுபக்கம். மாத்திரையின் வேகம் குறையும் வேளைகளில் மட்டும் நிற்கிறார் என்றால், மருந்தின் வேளையையோ அளவையோ மாற்றினாலே மருத்துவரால் பெரிதும் உதவ முடியும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையிலும் நிற்கிறார் என்றால், மருந்தைக் கூட்டுவது பலனளிக்காமல் போகலாம், பயிற்சியின் பங்கு அங்கே கூடுகிறது. மருத்துவமனையின் அகலமான தாழ்வாரத்தில் மருத்துவர் பார்க்கும்போது அவர் நன்றாகவே நடந்துவிடுவார், இது அடிக்கடி நிகழ்வது. எனவே அடுக்களை வாசலில் நிற்பதையும், திரும்புவதையும், கரையில் கயிறு தாண்டுவதையும் அப்பாவின் சம்மதத்தோடு கைப்பேசியில் படமெடுத்து எடுத்துச் செல்லுங்கள். பாதம் முதல் தலை வரை தெரியும்படி, பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பவர் ஒருவராகவும், அவருக்குத் துணை நிற்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும்.